ஆமென் சொல்லும்வரை

கடையில் தயிர் வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, மேடம். கடைத்தயிரில் ஒரு கொழகொழப்பு இருக்கும், எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் என் மனைவி ஷெர்லின் ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்ததும் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டி உறை ஊற்றி மூடிவைத்துவிட்டுத்தான் படுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து ஊற்றியிருக்கிறாள். நான் சொல்லித்தான் எழுந்தாள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பயணத்துக்கு முந்தின ராத்திரி அவள் உறை ஊற்றவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். தயிர்க் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மிச்சமிருந்த தயிரைப் பக்கத்து வீட்டுப் பவானியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். "நாளைக்கு பூரா வெளியத்தானங்க இருப்போம், புளிச்சுப் போயிரும்னு குடுத்தேன்" என்றாள். ஃப்ரிட்ஜில் இருக்கும் தயிர் ஒரு நாளில் புளிக்காது. திரும்பி வரப்போகிறவள் உறைக்கென்று ஒரு கரண்டியாவது எடுத்துவைப்பாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

என் மகள் ஜெஸ்லின் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று இந்த ஸ்டேஷனில் படித்துக் காட்டினீர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு நல்ல ஞாபகசக்தி. பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். சில இடங்களில் திருத்தம் தேவைப்படுகிறது. என் தம்பி ரெஜி செத்துப்போன அன்று நடந்ததை அரைகுறையாக எழுதி வைப்பது அவனுக்கே மரியாதை இல்லை. அதற்காகத்தான் பேசுகிறேன்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். ராயபுரத்திலிருந்து காசிமேடு போகிற வழியில் எங்கள் கடை. படகுக்கு வேண்டிய கயிறு, மிதவை, வலைநூல் எல்லாம் மொத்த வியாபாரம். அப்பா ராசையா உடன்குடிப் பக்கமிருந்து வந்து தொடங்கியது. படகுக்காரர்கள் என்னை அண்ணாச்சி என்பார்கள். பெனிட்டோ அண்ணாச்சி குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை என்று அவர்களே சொல்வார்கள். வீட்டிலும் நான் குரல் உயர்த்தியதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் வந்ததில்லை.

ரெஜி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் எங்கள் வீட்டிலேயே தங்கினான். கல்யாணம் ஆகவில்லை, வேறு எங்கே போவான். வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கூத்து. சமையலறையில் நின்றுகொண்டு கப்பல் சமையல்காரனைப் போல நடித்துக் காட்டுவான். ஜெஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கடை சாத்திவிட்டு நான் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நிற்கும், டிவி அணையும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ரெஜி சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னான். "இன்னாண்ணே, நீ படியேறுனா வூடே மூச்ச புடிச்சிகினு கீது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் பேச்சில் பாதி ராயபுரம், பாதி உடன்குடி. நானும் சிரித்தேன். ஷெர்லின் கையிலிருந்த குழம்புக் கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை அவன் கவனித்தான். அதை அவன் கவனித்ததை நான் கவனித்தேன்.

ஜெஸ்லின் முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தோசைத் திருப்பி. பழுக்கக் காய்ந்தது என்று அவள் சொல்லியிருப்பது மிகை. அடுப்பிலிருந்து எடுத்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. காரணம், அவள் குடும்ப ஜெபத்தில் கண்ணைத் திறந்தாள். எங்கள் வீட்டு ஜெபம் எப்படி என்று சொன்னால்தான் உங்களுக்கு இது புரியும்.

எங்கள் சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். அவரவர் பாரத்தை அவரவர் சத்தமாகச் சொல்வார்கள். நடத்துகிறவர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். வீட்டிலும் அதேதான். சாப்பிடும் முன்னால், புறப்படும் முன்னால், போய்ச் சேர்ந்ததும் ஜெபம் உண்டு. நடத்துகிறவர் ஆமென் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அப்பா காலத்துச் சட்டம். ரெஜி சின்னப் பிள்ளையில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பான். அதை அப்பாவிடம் சொல்வது நான்தான். அப்பா பிரம்பை எடுத்து அவனை விளாசுவார். நான் எப்படிப் பார்த்தேன் என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை.

உண்மையைச் சொன்னால், ஜெபத்தில் நான் கண்ணை மூடிய பழக்கமே இல்லை. பொறுப்பில் இருக்கிற ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது அவர்களுடைய நன்மைக்குத்தான்.

அரையாண்டு லீவில் ஜெஸ்லினை எங்கேயாவது கூட்டிப்போகலாம் என்று பயணத்தைப் போட்டவன் ரெஜி. எண்ணூர் வழியாகக் கடலோரமாகவே பழவேற்காடு, அங்கே ஏரியில் படகு, பிறகு தடா, நாகலாபுரம் மலை, நகரி வழியாகத் திருத்தணி. திருத்தணியில் ஷெர்லினின் அக்கா அடைக்கலமேரி இருக்கிறாள். பள்ளிக்கூட வார்டன், வாய் கொஞ்சம் நீளம். ராத்திரி அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று பேச்சு. கடையை விட்டு நான் வரமாட்டேன் என்று மூவருக்கும் நிச்சயம். ஞாயிறு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர நான் கடையை அடைத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் நானும் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். புளிச்சோற்றுத் தூக்குவாளியோடு ஷெர்லின் கார் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. ஜெஸ்லின் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னக் குழந்தையைப் போல. ரெஜிதான் முதலில் பேசினான். "அட, அண்ணனும் வர்றியா? ஷோக்கா போச்சு." குரலில் சுருதி சேரவில்லை.

அவர்கள் துணிப்பை ஒரு நாள் பயணத்துக்கு அதிக கனம். அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை. குடும்பமாகப் போகிறோம், ஆளுக்கொரு பக்கம் செல்போனை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று எல்லா போனையும் வாங்கி முன்பக்க டேஷ்போர்டு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். என் போனையும் வைத்தேன். நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பின்கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்ததைக் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். ஜெஸ்லினுக்கு நான்கு வயதில் போட்டது. எடுக்கத் தோன்றவில்லை. பின்சீட்டில் உட்காருகிறவர்கள் உள்ளேயிருந்து திறக்க முடியாது, நான் வெளியிலிருந்து திறந்துவிடுவேன். மகளும் மனைவியும் எப்போதும் பின்சீட்டில்தான். ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதே.

ரெஜி ஓட்டினான். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் முகத்துவாரப் பாலம் வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் கலந்த தண்ணீர், அதில் இடுப்பளவு நின்று இறால் தடவுகிறவர்கள். காட்டுப்பள்ளிக்கு வடக்கே போன பிறகுதான் கடல் கடலாகத் தெரிந்தது. அங்கே கரையை அலை தின்றுகொண்டே வருகிறது. வேரோடு சாய்ந்த பனைமரங்கள் மணலில் கிடந்தன. ஒரு வீட்டின் பாதிச் சுவர் மட்டும் நின்றது. ஆள் நடமாட்டமே இல்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

இறங்கி நடந்தோம். ரெஜி பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அலையில் ஓடி, ஒரு பெரிய அலை வந்ததும் குப்புற விழுந்தான். ஜெஸ்லின் சத்தம் போட்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்திருக்கிறாள். கடலின் இரைச்சலையும் மீறிச் சிரித்தாள். என் மகள் இப்படிச் சிரிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு ஒரு பயம் வந்தது, மேடம். இதை மறைக்க மாட்டேன். திங்கட்கிழமை ராத்திரி நான் மாடிப்படி ஏறுவேன், செருப்புச் சத்தம் கேட்கும், உள்ளே மூச்சைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இருக்க மாட்டார்கள். காலி வீடு. அதைத்தான் நினைத்துப் பார்த்தேன்.

பழவேற்காட்டில் படகு எடுத்தோம். படகுக்காரர் பெயர் வெற்றி, காத்திவாக்கத்தில் பெண் எடுத்தவராம், எங்கள் கடையில் கயிறு வாங்கியிருக்கிறாராம். ஏரியில் தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஜெஸ்லினும் ரெஜியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷெர்லின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அண்ணாச்சி, வூட்டம்மா இப்டி வெடவெடன்னு நடுங்கிகினு கீறாங்க?" என்றார் வெற்றி. "பயப்படாதம்மா. இந்த ஏரி இடுப்பாழந்தான். வுழுந்தாலும் நின்னுக்கலாம்."

"அவளுக்குத் தண்ணின்னா பயம்" என்றேன்.

"அம்மாவுக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்றாள் ஜெஸ்லின். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பூநாரை இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் ஷெர்லினின் பிடரியில் கையை வைத்தேன். அழுத்தவில்லை. வைத்தேன், அவ்வளவுதான். நடுக்கம் நின்றது. வெற்றி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துடுப்பைப் போட்டார். இறங்கும்போது ரெஜியை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்னவென்று நீங்கள் அவரிடமே கேட்டிருப்பீர்கள்.

மத்தியானம் மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் சாப்பிட்டோம். புளிச்சோறு, பருப்புத் துவையல், பொரித்த நெத்திலி. தயிர்ச்சோறு இல்லை. வழக்கமாக இருக்கும். ஷெர்லின் எனக்குப் பரிமாறும்போது என் கையை மட்டும்தான் பார்த்தாள்.

கப்பலில் வருஷக்கணக்காக இருந்தவனுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்றால் நம்புவீர்களா? ரெஜிக்கு வரும். சின்ன வயசிலிருந்தே அப்படி. வளைவு தொடங்கினால் அவன் ஆள் அவுட். அதனால் சாப்பிட்டதும் நான் ஓட்ட உட்கார்ந்தேன். பாதி ஏறியதும் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். குமட்டுகிறது என்று நினைத்தேன். இறங்கி என்னைத் தடுப்புச் சுவர் வரைக்கும் கூட்டிப்போனான். கீழே காடு, அதற்கப்பால் பழவேற்காட்டு ஏரி ஒரு கோடாகத் தெரிந்தது.

"அண்ணே, கோச்சிக்காத. மூஞ்சிக்கி நேரா சொல்லிடறேன்" என்றான். "உன்ன ஏமாத்திட்டுப் போவணும்னுதான் மொதல்ல நெனச்சோம். எனக்கு மனசு கேக்கல. மைனியும் ஜெஸ்ஸியும் கொஞ்ச நாளைக்கு மேரியக்கா வூட்டுல இருக்கட்டும். உன்னப் பாத்தா ரெண்டு பேருக்கும் ஈரக்கொலையே நடுங்குது. நீ யார்கிட்டயாச்சும் போயி பேசு. டாக்டரோ பாஸ்டரோ. நானும் கூட வர்றேன். அப்றம் நானே கொண்டாந்து வுடறேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அப்பாவின் பிரம்புக்கு முன்னால் நிற்கும்போது செய்வதைப் போலவே. இவ்வளவு வயதான பிறகும் அவனுக்கு என்னிடம் அந்தப் பயம் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. பயந்துகொண்டே வந்து சொல்கிறான் என்பதுதான் பிடிக்கவில்லை.

நான் சரி என்றேன். மறுத்தால் சண்டை வரும். சண்டை எனக்கு ஆகாது. "சரிலே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். சட்டைத் தோள் நனைந்துவிட்டது. காரிலிருந்து ஷெர்லினும் ஜெஸ்லினும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜி அவர்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவர்கள் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. அவனைவிட அவர்களுக்கு என்னைத் தெரியும்.

வண்டி ஏறும் முன்னால் வாந்திக்கு மாத்திரை கொடுத்தேன். ஷெர்லினை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். ரெஜி காலை நீட்டிப் படுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்சீட்டை அவனுக்கு விட்டு, ஜெஸ்லினை ஓரமாக ஒடுங்கிக்கொள்ளச் சொன்னேன். "என் அண்ணன் தங்கம்" என்று சொல்லிக்கொண்டே மாத்திரையை விழுங்கினான்.

முதல் நாள் நீங்கள் கேட்டபோது ஒரு மாத்திரை என்றேன். ஒன்றில்லை. வாந்தி மாத்திரையும் இல்லை. அப்பா போன பிறகு தூக்கம் வராமல் டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்தது மேசை டிராயரில் இருந்தது. தயிர்க் கிண்ணத்தைப் பார்த்த ராத்திரி, படுக்கும் முன்னால் அதை எடுத்து மறுநாள் போடப்போகும் சட்டையின் பையில் வைத்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெளிவில்லை. கையில் இருக்கட்டும் என்று வைத்தேன். இதை நான் முன்பே சொல்லியிருக்கலாம்.

மலை இறங்கி நகரி தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பின்சீட்டில் ரெஜி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். திருத்தணிக்கு இன்னும் அரை மணி நேரம். ஷெர்லின் முன்னால் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மைல்கல்லையும் அவள் கண் தொட்டுத் தொட்டு வந்தது. அரை மணி நேரம் என்பது அவளுக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அது நீளமாகத்தான் இருந்தது.

சாலையோரம் பெரிய ஏரி. அந்த வருஷம் நல்ல மழை என்பதால் நிரம்பித் தளும்பியது. கரையிலிருந்து தண்ணீருக்குள் சிமெண்ட் சரிவு ஒன்று போட்டிருந்தார்கள், டிராக்டர், லாரிகளை இறக்கிக் கழுவுவதற்கு. சரிவு முடிகிற இடத்தில் மண் எடுத்த பள்ளம் என்று பலகை இருந்தது. பக்கத்து வயலில் டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேரி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போவோம் என்றேன். வண்டியைச் சரிவில் தண்ணீரைப் பார்த்தபடி நிறுத்தினேன்.

ரெஜியை எழுப்ப ஜெஸ்லின் அவன் தோளை உலுக்கினாள். "சித்தப்பா, சித்தப்பா" என்றாள். "தூங்கட்டும், பாவம்" என்றேன். அவளை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாவி இல்லாவிட்டால் அந்த வண்டியில் கண்ணாடி இறங்காது.

ஜெஸ்லின் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். ரெஜியின் பழக்கம் அது, சரிவில் எங்கே நிறுத்தினாலும் கல் வைப்பான். "சித்தப்பா எப்பவும் வெப்பாங்கப்பா" என்றாள். என்னிடம் அனுமதி கேட்கும் குரலில் சொன்னாள். வைம்மா என்றேன்.

இருவரையும் கரைமேட்டில் ஏற்றி, மலையைப் பார்த்து நிற்கச் சொன்னேன். வண்டி அவர்களுக்கு முதுகுப் பக்கம். கண்ணை மூடுங்கள் என்றேன். மூடினார்கள். ஜெபத்தைத் தொடங்கினேன். ஆண்டவரே, இந்தக் குடும்பத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளும், யாரும் சிதறிப்போகாமல் காத்துக்கொள்ளும் என்று மனதிலிருந்துதான் ஜெபித்தேன். ஷெர்லின் வாய்விட்டு அழுதுகொண்டு ஜெபித்தாள். அரை மணி நேரத்தைத் தா, அரை மணி நேரத்தைத் தா என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. ஜெஸ்லின் அதையும்விடச் சத்தமாக ஜெபித்தாள்.

நடந்துகொண்டே ஜெபிப்பது என் வழக்கம். நடந்து வண்டிக்கு வந்தேன். குரலைக் குறைக்கவில்லை. குனிந்து கல்லை எடுத்தேன். ஜெஸ்லின் சொல்லியிருப்பதில் இங்கே ஒரு திருத்தம். இரண்டு கையால் என்று சொல்லியிருக்கிறாள். ஒற்றைக் கைதான். அது அவ்வளவு பெரிய கல் இல்லை.

நிமிர்ந்தபோது அவள் கண் திறந்திருந்தது. தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். என் கையில் கல். என் வாய் ஜெபித்துக்கொண்டிருந்தது. அவள் வாயும் நிற்கவில்லை. ஒரு வார்த்தை போதும், மேடம். அம்மா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அப்போதுகூட நான் கல்லைத் திரும்ப வைத்திருப்பேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஜெபத்தில் கண் திறந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று பயந்து, முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இடது கையால் அந்தத் தழும்பைப் பொத்திக்கொண்டாள். என் பிள்ளையை நான் அந்த அளவுக்குப் பழக்கியிருந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

கல்லைச் சரிவின் ஓரமாக வைத்தேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கியரை நடுவில் தள்ளினேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். கதவை மெதுவாகச் சாத்தினேன். வண்டி முதலில் யோசிப்பதைப் போல நின்றது. பிறகு போயிற்று. பெரிய சத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் விலகி இடம் கொடுத்தது, அவ்வளவுதான். மோட்டார் சத்தத்திலும் ஜெபத்திலும் அது பெரிதாகக் கேட்கவில்லை. தனக்குக் கேட்டது என்று ஷெர்லின் சொல்லியிருக்கிறாள். கேட்டிருக்கலாம். ஆனால் அவளும் கண்ணைத் திறக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களிடம் இருக்கும் எந்த வாக்குமூலத்திலும் இருக்காது. பார்த்தது நான் மட்டும்தான். வண்டியின் மூக்கு முதலில் முழுகி, பின்பக்கம் தண்ணீருக்கு மேலே நின்றது. பின்கண்ணாடியில் ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. குளிர்ந்த தண்ணீர் பட்டு விழித்திருப்பான். கை விலகியது, மறுபடி வந்து ஒட்டியது. பிறகு முகம். தூக்கக் கலக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் என்னைத் தேடினான். என்னைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அண்ணன் நிற்கிறான், கதவைத் திறந்துவிடுவான் என்ற நிம்மதி. எப்போதும் நான்தானே வெளியிலிருந்து திறந்துவிடுகிறவன்.

நான் ஜெபத்தை நிறுத்தவில்லை. அவனுக்காகவும் ஜெபித்தேன். தண்ணீர் மேலே மூடி, குமிழிகள் வந்து, அதுவும் நின்று, ஏரி பழையபடி ஆகும்வரை ஜெபித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் ஜெபித்ததில்லை. அதற்குப் பிறகுதான் ஆமென் சொன்னேன். ஆமென் என்றார்கள் இருவரும். கண்ணைத் திறந்தார்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கத்தினேன், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன், வயலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பிரேக் பிடிக்காமல் உருண்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், விபத்து என்று எழுதினார்கள். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவர்களாகவே எழுதியது. ரெஜியைக் காசிமேட்டுக் கல்லறையில் அப்பா பக்கத்தில் அடக்கம் செய்தோம். பெட்டி நல்ல தேக்கு.

வீடு பழையபடி ஆனது. நான் படியேறினால் டிவி அணைந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்று ராத்திரி ஷெர்லின் எழுந்துபோய்ப் பவானி வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கரண்டி தயிர் வாங்கி வந்து உறை ஊற்றினாள். நான் சொல்லவில்லை, மேடம். அவளாகவேதான் போனாள். காலையில் கெட்டித் தயிர். கொஞ்சம் புளிப்பு, பவானி வீட்டு உறை அப்படி. எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்தத் தயிரைச் சாப்பிட்டபோதுதான்.

அடைக்கலமேரி வந்து பிள்ளையை இரண்டு நாள் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் நாம் இப்படி உட்கார்ந்து பேச வேண்டியிருக்காது. அவளிடம்தான் ஜெஸ்லின் வாயைத் திறந்திருக்கிறாள். எனக்குக் கோபம் இல்லை. கல்லை எடுத்தது நான்தான், பிரேக்கை இறக்கியது நான்தான், என் தம்பி ரெஜியைக் கொன்றது நான்தான். இதையே நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாலும் சொல்வேன். ஆனால் ஏன் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். என் குடும்பம் சிதறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அவர்கள் என்னை விட்டுப் போனால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்று காலையில் அவர்கள் இருவரும் இங்கே வந்தபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். போகும் முன்னால் ஒரு ஜெபம் பண்ணுவோம் என்று நான் கேட்டேன், நீங்கள் தடுக்கவில்லை. அதற்கு நன்றி. கண்ணை மூடுங்கள் என்றேன். ஷெர்லின் மூடவில்லை. ஜெஸ்லின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள், தழும்பு தெரிய. அவளும் மூடவில்லை. நான் ஜெபித்துக்கொண்டே போனேன். இருவரும் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் சிமிட்டினார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

நான் நடுவில் கண்ணை மூடிக்கொண்டதையும், அவர்கள் போன பிறகும் நெடுநேரம் திறக்காமல் இருந்ததையும் நீங்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கு வேறு அர்த்தம் எதுவும் எழுதிவிடாதீர்கள், மேடம். இந்த அறையில் டியூப்லைட் வெளிச்சம் கொஞ்சம் அதிகம். அதனால்தான்.